ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய் ரசம்

சம்பந்தி விஸ்வநாதன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தன் முன்னால் நீட்டப்பட்ட ஒரு டம்ளர் ரசத்தைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்போது அவர் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதே அந்த டம்ளரில்தான் இருந்தது.

டம்ளரை நீட்டியவர் என் வீட்டுக்காரர் சின்னச்சாமி. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நெய்யில் பொரிந்த கடுகும் பெருங்காயமும் மணந்தன. ஆவி போய் விஸ்வநாதனின் மூக்குக் கண்ணாடியில் படிந்து அவர் கண்களே தெரியவில்லை. அந்தப் பக்கம் சோபாவில் அவருடைய மனைவி ஜெயா, மகன் கிச்சு. இந்தப் பக்கம் நான், கதவுக்குப் பின்னால் என் மகள் நந்தினி.

"ஞாயித்துக்கிழமையாச்சே சார். நெல்லிக்காய் சாப்பிடப்படாதாக்கும்," என்றார் விஸ்வநாதன்.

"ஞாயித்துக்கெழமைக்கும் நெல்லிக்காய்க்கும் என்னுங்க தகராறு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தகராறு ஒண்ணும் இல்லை. எங்க கிராமத்துல யாரும் தொடமாட்டா, கேட்டேளா."

கிராமம் என்றால் ஆடு மாடு மேயும் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். விஸ்வநாதனைப் போன்ற பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர்கள் தாங்கள் குடியிருக்கும் கோயில் தெருவைத்தான் கிராமம் என்பார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வந்தபோது ஞாயிற்றுக்கிழமையையும் கூடவே கட்டி எடுத்து வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்தத் தொடரில் பள்ளிக்கூடம், பரீட்சை, பஸ் என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். ரசத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார். இந்த வாரம் அவர் மறையூரில் அக்கா வீட்டில் இருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன்.

வடையால் வந்த வாழ்வு

ஒரு டம்ளர் ரசத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டாலும் உட்கார மாட்டார்கள், தட்டு வைத்தாலும் தொட மாட்டார்கள். தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். தொடாமல் எழுந்து போனால், வாயால் எவ்வளவு இனிப்பாகப் பேசியிருந்தாலும், வேண்டாம் என்று அர்த்தம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள எல்லையோரத்துத் தென்னந்தோப்பு ஊர்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. பெண் படித்தவள், டீச்சர் வேலைக்கு வேறு போகிறாள், பேச்சு கொஞ்சம் நீளம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்திருந்த சித்தப்பா ஒருவர் சர்க்கரை நோயாளி. பசி தாங்காமல், யோசனை முடிவதற்குள் ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கடைசியில் விழுங்கினார். அந்த வாரமே நிச்சயம் ஆயிற்று.

ஆகவே நான் வடையால் வாழ்க்கைப்பட்டவள். என் மகளுக்கு ரசம் வாய்த்தது.

நந்தினி கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். கிச்சு அதே இடத்தில் கணக்குப் பிரிவு. கேன்டீனில் சாம்பார் சரியில்லை என்று இருவரும் சேர்ந்து புகார் சொல்லப் போய், புகார் எடுபடாமல் காதல் எடுபட்டுவிட்டது. இரண்டு வீட்டிலும் அழுகை, பட்டினி, பெரியவர்களைக் கூட்டிப் பேசுவது எல்லாம் ஒரு சுற்று வந்து ஓய்ந்தது. "சரி, ஒருநாள் அவாத்துக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று விஸ்வநாதன் சொன்னதே பெரிய காரியம் என்று நந்தினி அழுதாள். பிள்ளைகள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

ஏனம்மா, ஒரு காப்பி கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கலாமே என்று கேட்கலாம். என் வீட்டில் முடியாது. என் வீட்டில் யார் வந்தாலும், முதலில் உள்ளே போகவேண்டியது நெல்லிக்காய் ரசம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அது ஏன் என்றால்...

மறையூரிலிருந்து வந்த வைத்தியம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஊரே இருமிக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சளி பிடித்தது. காய்ச்சல் போய்விட்டது, சளி போகவில்லை. கோயமுத்தூர் டாக்டர், பாலக்காட்டு டாக்டர், போனில் பேசும் டாக்டர் எல்லோரையும் பார்த்தாயிற்று. ராத்திரியெல்லாம் இருமுவார். பக்கத்துத் தோட்டத்து நாய் பதிலுக்குக் குரைக்கும்.

அப்போது அவருடைய அக்கா சரசு, "தம்பி, இங்க வந்து நாலு நாள் இரு" என்று கூப்பிட்டார். அக்காவை மறையூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கரும்புக் காடு, வெல்லம் காய்ச்சும் ஆலை, பின்னால் மலை. உடுமலைப்பேட்டைக்குப் போய் அங்கிருந்து மூணாறு பஸ் பிடித்துப் போனவர், திரும்பி வரும்போது ஒரு மூட்டை மலை நெல்லிக்காயும், துண்டில் கட்டிய உருண்டை வெல்லமும், இருமாத நெஞ்சும் கொண்டு வந்தார். அக்கா தினமும் நெல்லிக்காய் ரசம் வைத்துக் கொடுத்தாராம்.

சளி போனது நல்லதுதான். ஆனால் சளி இருந்த இடத்தில் ரசம் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் எழுந்ததும் அவரே அடுப்படிக்கு வந்துவிடுவார். காப்பியை வீட்டை விட்டே ஒழித்தார். முதலில் எனக்கு, பிறகு நந்தினிக்கு, பிறகு பசு மாட்டுக்கு. மாடு பால் கறப்பதை நிறுத்தியது. மாட்டு டாக்டர் வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர். அவர் வருவதை நிறுத்தினார்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் கேட்டுக்கு வெளியிலேயே உருட்டிவிட்டு ஓடிவிடுவான். கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருமுறை எங்கள் கம்பத்தில் ஏறியவர், கீழே டம்ளரோடு இவர் நிற்பதைப் பார்த்து இறங்கவே இல்லை. இவரைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நான் சைகை காட்டிய பிறகுதான் இறங்கினார். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு பஞ்சாயத்து வேட்பாளர் மட்டும் மறுக்க முடியாமல் குடித்தார். கூட வந்தவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். அப்படிக் குடித்தவர்கள் அடுத்த வாரம் எதிர்க்கட்சியில் இருந்தார்கள்.

வாட்ஸாப்பில் ‘நெல்லி நண்பர்கள்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். சொந்தம் சுற்றம் எல்லோரையும் சேர்த்தார். தினமும் ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். நான் வெளியேறிய அன்று ரசத்தில் காரம் அதிகமாக இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரையும் கெடுப்பதற்காகக் கொடுக்கவில்லை. தனக்கு எது நல்லது செய்ததோ அதை வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவரிடம் இருந்த ஒரே நல்ல பொருள் அதுதான் என்று அவர் நம்பினார். அதனால்தான் யாராவது வேண்டாம் என்றால் அவர் முகம் அப்படிச் சுருங்கும்.

செய்முறை இரண்டு விதம்

ரசத்தின் மேல் பழி போடக் கூடாது. ஒழுங்காக வைத்தால் அதைப்போல வேறு ரசம் கிடையாது.

நான் வைக்கும் விதம் இது. மலை நெல்லிக்காய் ஒரு கை. தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு பச்சை மிளகாய், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சியோடு சேர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும். மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். புளி வேண்டாம், காயின் புளிப்பே போதும். வேகவைத்த துவரம் பருப்பின் தெளிந்த தண்ணீரில் மஞ்சள், உப்பு, அரைத்த விழுது, பொடித்தது எல்லாம் போட்டு, பட்டாணி அளவு வெல்லம் சேர்த்து, சின்னத் தீயில் வைக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்போது இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு மூடிவிட்டால் ஆயிற்று. முதலில் துவர்க்கும், பிறகு புளிக்கும், கடைசியில் தொண்டையில் லேசாக இனிக்கும்.

என் வீட்டுக்காரர் வைக்கும் விதம் வேறு. ஒரு கை நெல்லிக்காய் நல்லது என்றால் நாலு கை நாலு பங்கு நல்லது. மிளகும் அப்படியே. மருந்துக்கு எதற்கு இனிப்பு என்று வெல்லத்தை எடுத்துவிடுவார். நுரை கட்டியதும் இறக்கினால் சத்து உள்ளேயே நின்றுவிடும் என்று, ரசம் வைக்கும் போசியின் அடியில் சத்தம் வரும்வரை கொதிக்கவிடுவார். அந்த ரசம் வாய்க்குள் போனதும் நாக்கு பின்வாங்கும். காது அடைக்கும். ஒரு நிமிஷம் பெயர் மறந்துபோகும்.

சம்பந்திகள் வரும் அன்று நான் வைக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஒறம்பரை வர்ற அன்னிக்கு நீ லேசா வெப்ப. அவங்களுக்கு நம்ம ஊட்டு ரசம்னு எப்புடித் தெரியும்?" என்றுவிட்டார். விருந்தாளிகளை எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்போம். எப்படிப்பட்ட ரசம் என்று தெரியாமலே விஸ்வநாதன் கையைக் கட்டிக்கொண்டது அவருடைய அதிர்ஷ்டம்.

பார்சலில் வராத சம்மதம்

இப்போது கதைக்கு வருகிறேன். டம்ளர் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.

"ஒரு வாய் குடிச்சாப் போதுமுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு வாயானாலும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதானே?" என்றார் விஸ்வநாதன். அவர் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, தணிக்கைக்குக் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு நேரே சுவரண்டை போனார். நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தார்.

"இப்பத் திங்கக்கெழமை ஆயிருச்சுங்க. குடிங்க சார்."

கிச்சு சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் விளையாட்டுக்குச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கிழித்த தாளைக் கசக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விஸ்வநாதன் மரியாதைக்காரர். கோபப்படவில்லை. "ஒரு காரியம் செய்யலாம் சார். ஒரு பாட்டில்ல ஊத்திக் கொடுங்கோ. ஆத்துக்குக் கொண்டுபோய் நாளைக்குக் காலம்பற குடிச்சுடறேன்," என்றார்.

"உங்க ஊட்டுல குடிச்சா அது உங்க ஊட்டு ரசமுங்க. பார்சல்ல சம்மதம் வருமாங்க?"

விஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம் காப்பி பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து காப்பித்தூள் வாங்கி வருகிறேன் என்றேன். ரசம் இருக்கையில் அதற்கு முன்னால் வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார் என் வீட்டுக்காரர். தண்ணீராவது குடிக்கலாமா என்று ஜெயா கேட்டார். தண்ணீர் குடித்தால் கை நனைந்த கணக்கா என்று இரண்டு ஆண்களும் கால் மணி நேரம் பேசினார்கள். முடிவு காணாமல், விஸ்வநாதன் காரிலிருந்த தன் பாட்டில் தண்ணீரைக் குடித்தார்.

ஜெயா என்னைப் பார்த்தார். நான் ஜெயாவைப் பார்த்தேன்.

"டீச்சர், உங்க அடுக்களையைக் கொஞ்சம் காட்டுங்கோளேன்," என்றார்.

அடுக்களையில் நான் அவருக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொடுத்தேன். நின்றுகொண்டே நாலு இட்லி சாப்பிட்டார். "உள்ளே சாப்பிட்டது கணக்குல வராது, இல்லையா?" என்றார். "வரவே வராது," என்றேன். இருவரும் கை கழுவினோம். என்னைக் கேட்டால் நந்தினியின் கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. ஆனால் எங்களை யார் கேட்டார்கள்?

தண்ணீர்த் தொட்டி ஓரம்

மத்தியானத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரைக் காணவில்லை. மாட்டுக் கொட்டகையில் இருந்தார். பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இங்க வந்து நின்னா எப்புடி? ஒறம்பரை அங்க தனியா உக்காந்திருக்காங்க," என்றேன்.

"கமலம், அவங்க டவுன்காரங்க. நாம சேத்துல கால் வெக்கறவங்க. நம்ம ஊட்டுல வாய் நனைக்க அவங்களுக்கு மனசில்ல. அதை நேராச் சொல்ல முடியாம, ஞாயித்துக்கெழமைன்னு ஒரு சாக்குச் சொல்றாங்க. எனக்குப் புரியாதுன்னு நெனைக்கறாங்க."

"அப்படி இருக்காதுங்க."

"என்ற புள்ளையை அங்க அனுப்பி, நாளைக்கு அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கவும் ஒரு கெழமை சொன்னாங்கன்னா?"

அதுவரை எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்புப் போய்விட்டது. இந்த மனிதர் காலையிலிருந்து ரசத்துக்காகச் சண்டை போடவில்லை. தன் மகளை அந்த வீட்டில் எப்படி நடத்துவார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்த டம்ளர்.

எனக்கும் பயம் வந்தது. உள்ளே நந்தினி தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விஸ்வநாதன் நின்றுகொண்டிருந்தார். கால் கழுவ வந்தவர். ஒரு காலைக் கழுவியிருந்தார், இன்னொரு கால் அப்படியே இருந்தது. கையில் சொம்பு. எல்லாம் கேட்டிருக்கிறார்.

அவர் இன்னொரு காலையும் கழுவினார். வீட்டுக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். கூடத்தில் நின்றுகொண்டு, "ஜெயா, இன்னிக்கு நாம ஆத்துக்குப் போகலை," என்றார்.

"என்னது?"

"நாளைக்குக் காலம்பற சூரியன் உதிச்சப்புறம் சார் கொடுக்கற ரசத்தைக் குடிச்சுட்டுப் போறோம். அதுவரைக்கும் இங்கதான் இருக்கப் போறோம்."

ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், இவர் சொந்தத் தங்கை ஆத்துல கூட ராத்தங்க மாட்டார்," என்று என் காதில் சொன்னார்.

கட்டம் போட்ட லுங்கி

விஸ்வநாதன் இவ்வளவு இறங்கி வந்தால் என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? விருந்தாளி பட்டினி கிடக்கையில் தானும் பட்டினி என்று அறிவித்தார். வேண்டாம் வேண்டாம் என்றார் விஸ்வநாதன். "எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிடற பழக்கமே கிடையாது, ஒருபொழுதுதான். நீங்க சாப்பிடுங்கோ." அதெல்லாம் நடக்கவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் மூடிய போசி.

மாற்று உடை இல்லை. என் வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்தோம். வாழ்நாளில் லுங்கி கட்டாத மனிதர். இடுப்பில் நிற்காமல், மேலே ஒரு பெல்ட் போட்டுக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் சந்தியாவந்தனம் செய்ய வேண்டும் என்றார். மோட்டார் ரூம் பக்கத்தில் சுத்தமான இடம் காட்டினார் என் வீட்டுக்காரர். மந்திரத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார். தென்னைக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் அவர் மோட்டாரை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

கிச்சுவால் சும்மா இருக்க முடியவில்லை. அவனும் நந்தினியும் கொழிஞ்சாம்பாறை பேக்கரிக்குப் போய்ப் பப்ஸ் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். வயிறு நிறைந்ததும் யோசனை வந்தது.

"அப்பா, ராத்திரி பன்னெண்டு மணிக்கே திங்கக்கிழமை ஆயிடுமே," என்றான்.

"பஞ்சாங்கப்படி உதயத்துக்கு உதயம்தான் நாள்," என்றார் விஸ்வநாதன்.

"அப்போ பாருங்கோ, நியூசிலாந்துல இப்பவே திங்கக்கிழமை. இவாளுக்குத் தெரிஞ்சவா யாராவது அங்கே..."

"அங்க இப்ப ராத்திரியாச்சே, தம்பி," என்று குறுக்கே விழுந்தார் என் வீட்டுக்காரர். "ராத்திரி நெல்லிக்காய் தொடக் கூடாதே!"

விஸ்வநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு ராத்திரி படாதா?"

"எங்க பக்கத்துல பொழுது உழுந்தா நெல்லிக்காய் பக்கமே போக மாட்டோமுங்க."

"ஏன்?"

"ஏன்னு தெரியாதுங்க. தொட மாட்டோம், அவ்வளவுதான்."

"அதேதான் சார் எங்களுக்கும். ஞாயித்துக்கிழமை. ஏன்னு எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரின் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்கு இல்லை, தன்னைப் போலவே இந்த மனிதரும் காரணம் தெரியாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் தென்னையில் வண்டு, முழங்கால் வலி, பேருந்துக் கட்டணம் என்று பேச்சு போனது. இரண்டு வயிறும் மாறி மாறிச் சத்தம் போட்டன. பிறகு கூடத்தில் பாய் விரித்தோம், எல்லோரும் படுத்தோம்.

திங்கட்கிழமை

கிழக்கு வெளுத்ததுமே அடுப்படியில் சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். எதற்குப் பயந்தேனோ அதுதான்.

நேற்றைய ரசத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த மாதம் அனுப்பியிருந்த மறையூர் மூட்டையில் மிச்சமிருந்த நெல்லிக்காய் மொத்தமும் போசிக்குள் இருந்தது. ஒரு பகல், ஒரு ராத்திரி நமக்காகப் பட்டினி கிடந்த மனிதர், அவருக்குச் சாதாரணமாகவா வைப்பது என்றார். கொஞ்சம் வெல்லமாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். "அவரை ஏமாத்தச் சொல்றயா?" என்றார்.

மேகமாக இருந்தது. கிச்சு மொட்டை மாடியில் ஏறி நின்றான். கைப்பேசியில் உதய நேரம் ஆகிவிட்டது என்று விஸ்வநாதன் சொன்னார். கண்ணால் பார்த்துவிடுவோம் என்றார் என் வீட்டுக்காரர். இப்போது அவருக்கே ஞாயிற்றுக்கிழமையில் நம்பிக்கை வந்துவிட்டது.

"வந்தாச்சு! தென்னை மரத்துக்கு மேலே வந்தாச்சு!" என்று கத்தினான் கிச்சு.

விஸ்வநாதன் குளித்து, நெற்றியில் திருநீறோடு, பெல்ட் போட்ட லுங்கியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் டம்ளரைக் கொடுத்தார். நந்தினி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றாள்.

அவர் டம்ளரை உயரத் தூக்கினார். உதட்டில் படாமல் வாயில் ஊற்றிக்கொள்கிறவர். நிறுத்தி நிறுத்திக் குடிக்க முடியாது. முழு டம்ளரும் ஒரே வீழ்ச்சியாக உள்ளே போயிற்று.

டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. இடது காது மட்டும் தனியாக ஆடியது. கண்ணோரத்தில் தண்ணீர் வந்து நின்றது. ஜெயா அவர் முதுகில் கை வைத்தார்.

"எப்புடீங்க சார் இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

விஸ்வநாதன் கண்ணைத் திறந்தார். மகனைப் பார்த்தார். நந்தினியைப் பார்த்தார். போசியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்தை ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம், சம்பந்தி," என்றார்.

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி என்ற சொல்லைத் தவிர என் வீட்டுக்காரருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. விஸ்வநாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். லுங்கி அவிழாமல் பெல்ட்தான் காப்பாற்றியது.

உடனே மறையூருக்குப் போன் போட்டார். முந்தின நாள் முழுக்க அங்கே சிக்னல் கிடைக்காமல் இருந்தது, அன்றைக்கென்று கிடைத்தது. நடந்ததையெல்லாம் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏண்டா தம்பி, ஞாயித்துக்கெழமையா அவங்களுக்கு நெல்லிக்காய் குடுத்தே? நாங்களே தொட மாட்டமே! நீ இங்க இருந்தப்ப ஞாயித்துக்கெழம வெச்சது தக்காளி ரசமாச்சே, உனக்குத் தெரியலையா?" என்றார் சரசு அக்கா.

என் வீட்டுக்காரர் போனை மெதுவாக அணைத்தார்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. பந்தியில் தக்காளி ரசம். ஜெயா என்னிடம் என் செய்முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கல்பாத்தியில் வாரநாட்களில் அந்த ரசம்தானாம், நந்தினி சொல்கிறாள். விஸ்வநாதன் இரண்டு கை ஏந்திக் குடிக்கிறாராம். அங்கே யாரும் அவள் கையால் வாங்கிக் குடிக்கக் கிழமை பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் சம்பந்தி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார். அவருக்கென்று அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கியைத் துவைத்து எடுத்து வைத்திருப்பேன். போன மாதம் வந்தபோது பெரிய மழை. போக முடியாமல் ராத்தங்கினார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து, போசியைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்தார்.

சூரியன் வந்ததும் டம்ளரோடு கூடத்துக்குப் போனார். பாயின் மேல் லுங்கி நாலாக மடித்து வைத்திருந்தது. அதன் மேல் பெல்ட். வாசலில் கார் இல்லை.